குறிக்கோள் வகுப்பவர் யார்?
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

பன்னாட்டு அமைப்புகள் தமக்குக் குறிக்கோள் வகுக்கும்போது பண்பாடு அங்கே என்ன செய்கிறது என்பது எமக்குத் தரப்பட்ட பொருள். கேட்ட அளவில், இது நகரத்துக் கல்லூரி மண்டபத்தில் பேச வேண்டிய பொருள் என்றும், கரும்பும் சந்தனமும் சூழ்ந்த மறையூர்ப் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இதனால் ஆவது என்ன என்றும் சிலருக்குத் தோன்றக்கூடும். சற்று எண்ணிப் பாருங்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019ஆம் ஆண்டில் கிடைத்த புவிசார் குறியீட்டின் வேர், ஜெனீவாவில் இருந்து இயங்கும் உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையில் இருக்கிறது. உடுமலைச் சாலையில் நாம் கடந்து செல்லும் சின்னாற்றுக் காடு, பாரிசில் தலைமையகம் கொண்ட யுனெஸ்கோவின் பட்டியலில் இருக்கிறது. மேலே மூணாற்றுச் சரிவுகளில் நம் உறவினர் சுமந்த கொழுந்துக் கூடையின் எடையை ஒரு காலத்தில் ஸ்காட்லாந்து நாட்டு வணிகரின் கணக்கேடு தீர்மானித்தது. நம் காலனியில் பிறந்து படித்த பிள்ளைகள் பலர் இன்று கோவையிலும் பெங்களூரிலும் பன்னாட்டுக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். அவ்வாண்டில் எட்ட வேண்டிய இலக்குகள் இவை என்று எழுதிய தாள் ஒன்று ஆண்டுதோறும் அவர்கள் கையில் தரப்படுகிறது. ஆகவே இப்பொருள் எங்கோ தொலைவில் கிடப்பது அன்று. நம் அடுப்படி வரை வந்துவிட்டது.

குறிக்கோள் என்பதை நம் முன்னோர் 'உறுதிப்பொருள்' என்ற அழகிய சொல்லால் வழங்கினர். அறம், பொருள், இன்பம், வீடு என்பன மனிதன் அடையத்தக்க உறுதிப்பொருள்கள் என்றனர். திருக்குறளின் அமைப்பை நோக்குங்கள். அதன் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலுக்கு உரியவை. அறத்துப்பாலுக்கு உரியவை 38 மட்டுமே. எண்ணிக்கையால் பொருளே பெரிது. ஆயினும் நூலின் முதலிடம் அறத்துக்கே தரப்பட்டது. பொருள் ஈட்டுக, ஆனால் அறத்தின் பின் நின்று ஈட்டுக என்னும் மதிப்பீடு அவ்வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. எந்தக் குறிக்கோளை முன் வைக்கிறோம், எதைப் பின் வைக்கிறோம் என்பதிலேயே ஒரு சமுதாயத்தின் நெஞ்சம் தெரிந்துவிடும்.

நம் ஊர் வெல்ல ஆலையையே எடுத்துக்கொள்வோம். ஒருவர், இன்றைக்கு எத்தனை கொப்பரை இறக்கினோம் என்று எண்ணுவார். மற்றொருவர், பதம் தப்பாமல் இறங்கியதா என்று பார்ப்பார். வேறொருவர், சென்ற ஆண்டு வாங்கிச் சென்றவர் இந்த ஆண்டும் நம் வாயிலைத் தேடி வந்தாரா என்று நோக்குவார். மூவரும் உழைப்பாளிகளே, மூவருக்கும் குறிக்கோள் உண்டு. ஆயினும் முதலாமவர் அளவை மதிக்கிறார். இரண்டாமவர் தொழில் நேர்மையை மதிக்கிறார். மூன்றாமவர் உறவை மதிக்கிறார். மதிப்பு வேறுபட்டதால் அளவுகோல் வேறுபட்டது. அளவுகோல் வேறுபட்டதால் ஆலையின் அன்றாட வேலையே வேறுபட்டுவிடும். சிறிய ஆலைக்குப் பொருந்தும் இவ்வுண்மை, நூறு நாடுகளில் கிளை பரப்பிய பேரமைப்புக்கும் பொருந்தும்.

ஒரு முறை, மூன்று நாடுகள்

பீட்டர் டிரக்கர் என்னும் அறிஞர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். நிருவாகம் பற்றி அவர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு முறையை எடுத்துரைத்தார். மேலதிகாரி ஒவ்வொரு நாளும் கட்டளையிட வேண்டா. பணியாளர் தம் பணிக்குரிய குறிக்கோளைத் தெளிவாக வரையறுத்துக்கொள்ளட்டும். ஆண்டின் முடிவில் அதை வைத்தே அவர் பணியை மதிப்பிடலாம் என்பது அதன் சாரம். அமெரிக்கக் கம்பெனிகள் அதை ஆர்வத்துடன் ஏற்றன. பின்னர் அது கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றது.

அங்கே அதற்கு நேர்ந்ததை ஹாலந்து நாட்டு அறிஞர் கெர்ட் ஹாஃப்ஸ்டெட் விளக்கியிருக்கிறார். அம்முறை அமெரிக்கப் பண்பாட்டின் சில நம்பிக்கைகளைத் தன்னுள் மறைத்து வைத்திருந்தது. பணியாளர் தம் மேலதிகாரியோடு எதிரே அமர்ந்து பேரம் பேசும் துணிவுடையவர் என்பது ஒரு நம்பிக்கை. இருவரும் தோல்விக்கு அஞ்சாமல் துணிந்து இறங்குவர் என்பது மற்றொன்று. செயல்திறனே எல்லாவற்றினும் மேலானது என்பது வேறொன்று. ஜெர்மனிக்குச் சென்றபோது அம்முறை, இருவரும் கூடிக் குறிக்கோளை ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளும் முறையாக மாறியது. ஐயத்துக்கு இடமின்றி எல்லாம் முன்கூட்டி வரையறுக்கப்பட வேண்டும் என்பது அந்நாட்டவர் விருப்பம் அன்றோ? அதனால் அங்கே அது நிலைத்தது. பிரான்சிலோ, 1968ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சிக்குப் பின் எழுந்த உற்சாகத்தில் அதைக் கொண்டாடினார்கள். சில ஆண்டுகளுக்குள் அதன் பெயரே மதிப்பிழந்தது. மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் இடையே நெடுந்தொலைவு நிலவும் அலுவலகத்தில், இருவரும் ஒப்பப் பேசிக் குறிக்கோள் வகுப்பது எளிதில் வேரூன்றவில்லை. விதை ஒன்றுதான், நிலத்துக்கு நிலம் விளைச்சல் வேறாயிற்று. குறிஞ்சிக்கும் மருதத்துக்கும் தொழில் வேறு, ஒழுக்கம் வேறு என்று திணை வகுத்த தமிழர்க்கு இது வியப்பைத் தராது.

ஐ.பி.எம். என்னும் பன்னாட்டுக் கம்பெனியில், 1967 முதல் 1973 வரை, பல நாட்டுப் பணியாளரிடமும் திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்களைக் கொண்டே ஹாஃப்ஸ்டெட் தம் முடிவுகளை எழுதினார். அந்நூல் 1980இல் வெளிவந்தது. அதிகாரத்தில் உள்ள ஏற்றத்தாழ்வை ஒரு நாட்டு மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதற்கு அவர் மதிப்பெண் தந்தார். ஆஸ்திரியாவுக்கு 11, இந்தியாவுக்கு 77. இந்தியப் பணியாளர் மேலிடத்துக் கட்டளையைக் கேள்வியின்றி ஏற்பவர் என்று பலர் இதிலிருந்து முடிவு கட்டிவிட்டனர். அம்முடிவை நாம் அப்படியே விழுங்கிவிடலாகாது. ஒரே கம்பெனியின் பணியாளரிடம் கேட்டுப் பெற்ற எண் அது. ஒரு நாட்டுக்கு ஒரே பண்பாடு என்று கொண்டு கணித்த எண்ணும்கூட. நம் பள்ளத்தாக்கு ஒன்றிலேயே அஞ்சுநாட்டுப் பழங்குடும்பங்களும், முதுவரும், மலைப்புலையரும், மலையாள மக்களும், தோட்ட வேலைக்கு வந்த தமிழரும் வாழ்கிறோம். இத்தனை பேரையும் ஓர் எண்ணில் அடைக்க முடியுமா? இதற்குப் பொருத்தமான விடை ஒன்றைப் பின்னர் மூணாற்றிலேயே காண்போம்.

இரு அறிஞரும் ஒரு நடுவரும்

குறிக்கோளை மேலிருந்து விதிப்பது நன்றா, கூடியிருந்து வகுப்பது நன்றா என்ற வினா அறிஞர் உலகில் பெரிய வழக்காகவே நடந்தது. கேரி லேதம் என்பவர் வட அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழிலாளரிடையேயும் பிறரிடையேயும் ஆராய்ந்து, விதித்த குறிக்கோளும் கூடி வகுத்த குறிக்கோளும் ஏறத்தாழ ஒரே பயனைத் தருகின்றன என்றார். இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரத்து அறிஞர் மிரியம் எரெஸ் அம்மையார் அதை மறுத்தார். கூடி வகுத்த குறிக்கோளையே மக்கள் தம்முடையதாகக் கொண்டு உழைக்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. 1987இல் அவர் கிறிஸ்டோபர் ஏர்லி என்பவருடன் வெளியிட்ட ஆராய்ச்சியில், விதிக்கப்பட்ட குறிக்கோளின் கீழ் இஸ்ரேல் மாணவரின் செயல்திறன் அமெரிக்க மாணவரினும் குறைந்திருந்தது தெரிந்தது. கூட்டு வாழ்க்கையைப் போற்றும் 'கிப்புட்ஸ்' என்னும் பண்ணைக் குடியிருப்புகள் தோன்றிய நாடு அது.

இருவரும் சினந்து பிரிந்துவிடவில்லை. எட்வின் லாக் என்னும் அறிஞரை நடுவராக வைத்துக்கொண்டு, தாமே கூடித் திட்டமிட்டு ஆய்வுகளை நடத்தினர். 1988இல் அதன் முடிவு வெளிவந்தது. வேறுபாட்டின் பெரும் பகுதி குறிக்கோளைச் சொன்ன முறையில் இருந்தது என்பதே அம்முடிவு. "இதைச் செய்" என்று வெட்டெனச் சொல்லி விதித்தால் மக்கள் பின்வாங்குகிறார்கள். "இன்ன காரணத்தால் இவ்வளவு வேண்டியிருக்கிறது, உங்களால் இயலும் என்று நம்புகிறோம்" என்று எடுத்துரைத்து விதித்தால், கூடி வகுத்த குறிக்கோளுக்கு இணையாக அதையும் ஏற்கிறார்கள். மனிதனுக்கு இழிவாகத் தோன்றுவது காரணம் மறைத்த கட்டளை. காரணம் சொல்வது ஒருவரை மதிப்பதாகும் என்பதை மட்டும் இங்கே மனத்தில் கொள்வோம்.

காட்டுக்கு மதிப்பிட்டவர்

இனி, நாடுகள் கூடி அமைத்த அமைப்புகளை நோக்குவோம். 1972இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை உடன்படிக்கையை உருவாக்கியது. மனித குலம் முழுமைக்கும் உரிய சிறப்பான மதிப்புடைய இடங்களைக் காப்பது அதன் குறிக்கோள். உயர்ந்த நோக்கந்தான். ஆனால் எது மதிப்புடையது என்று முடிவு செய்தவர் யார்? தொடக்கத்தில் பட்டியலில் மிகுதியாக இடம்பெற்றவை ஐரோப்பாவின் பழம் நகரங்களும், கிறித்தவக் கோயில்களும், அரண்மனைகளுமே. 1994இல் யுனெஸ்கோவே இக்குறையை எடுத்துரைத்துப் புதிய வழிமுறையை வகுத்தது. கல்லாற் கட்டிய கட்டடமே பண்பாட்டின் அடையாளம் என்று கருதிய பண்பாடு பட்டியலை வகுத்தமையால், மண்ணிலும் மரத்திலும் பாட்டிலும் தம் பண்பாட்டை வைத்திருந்த மக்களின் இடங்கள் விடுபட்டன.

இம்முறை மாறியதற்கு நியூசிலாந்து நாட்டு மலை ஒன்று சான்று. டொங்கரீரோ என்பது மாவோரி மக்களின் புனித மலை. 1887இல் அவர்தம் தலைவர் அம்மலை முடிகளைக் காக்கும்பொருட்டு அரசிடம் ஒப்படைத்தார். 1990இல் அது இயற்கைச் சிறப்புக்காக மட்டுமே பட்டியலில் சேர்ந்தது. இயற்கை வேறு, பண்பாடு வேறு என்ற பாகுபாடு மாவோரியர்க்குப் பொருளற்றது. அவர்க்கு மலை முன்னோரைப் போன்றது. 1992இல் 'பண்பாட்டு நிலக்காட்சி' என்ற புதிய வகையை யுனெஸ்கோ ஏற்றது. 1993இல் அவ்வகையின் கீழ் உலகில் முதன்முதலாக ஏற்கப்பட்டது டொங்கரீரோ. பழங்குடியினரின் மதிப்பு உலக அமைப்பின் அளவுகோலையே திருத்தியது.

நம் காட்டுக்கு வருவோம். 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகள் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. சின்னாறு வனவிலங்குப் புகலிடமும், காந்தலூர்ப் பக்கத்து மன்னவன் சோலையும், வரையாடுகள் மேயும் இரவிகுளமும் அவற்றுள் அடங்கும். பெருமைக்குரிய செய்தி. ஆயினும் அவை சேர்க்கப்பட்டது உயிரினப் பெருக்கத்துக்காகவும் அதன் வளர்ச்சி வரலாற்றுக்காகவும். இயற்கைக்குரிய அளவுகோல்களின்படி மட்டுமே. மதுரையிலிருந்து மக்களை முதுகில் சுமந்து மலையேறி வந்தோம் என்று தம் மரபு கூறும் முதுவரின் வாழ்வும், பாறைகள் மேல் நிற்கும் நம் முனியறைகளும் அந்த மதிப்பீட்டில் எடையிடப்படவில்லை. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. காட்டைக் காத்து வாழ்ந்த மக்களும் அந்தக் குறிக்கோளில் ஒரு சொல்லேனும் பெற வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. மாவோரியர்க்கு இயன்றது முதுவருக்கு இயலாதது அன்று.

வெல்லமும் திராட்சை மதுவும்

மறையூர் வெல்லத்தின் கதை இன்னும் சுவையானது. ஒரு பொருளின் சுவை அது விளைந்த மண்ணுக்கும் அம்மண்ணின் மக்களது கைத்திறனுக்கும் உரியது. ஆகவே அந்த ஊர்ப் பெயரைப் பிறர் எடுத்தாளலாகாது என்ற கருத்து பிரெஞ்சு நாட்டு மரபிலிருந்து வலுப்பெற்றது. ஷாம்பெயின் என்பது மதுவின் பெயரானது பின்னர். முதலில் அது நிலத்தின் பெயர். 1905இலும் 1919இலும் பிரான்சு இதற்குச் சட்டம் செய்தது. அமெரிக்கரின் மரபோ வேறு. பெயர் என்பது அதைப் பதிவு செய்த வணிகரின் உடைமை என்பது அவர்தம் எண்ணம். இரு பண்பாடுகளும் உலக வணிகப் பேச்சுவார்த்தை மேடையில் மோதின. 1995இல் நடைமுறைக்கு வந்த அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை இரண்டுக்கும் இடையிலான உடன்பாடாக அமைந்தது.

அவ்வுடன்படிக்கையின் 22ஆம் பிரிவு எல்லாப் பொருள்களின் ஊர்ப் பெயருக்கும் பொதுவான காப்பு அளிக்கிறது. வாங்குபவர் ஏமாறுகிறார் என்று காட்டினால்தான் அக்காப்பு செல்லும். 23ஆம் பிரிவோ திராட்சை மதுவுக்கும் பிற மதுவகைக்கும் மட்டும் கூடுதல் காப்பு அளிக்கிறது. அங்கே ஏமாற்றத்தை மெய்ப்பிக்கவே வேண்டுவதில்லை. மதுவுக்கு ஒரு நீதி, வெல்லத்துக்கு ஒரு நீதி! இவ்வேறுபாடு இயற்கையில் பிறந்ததன்று. பேச்சு மேடையில் மதுவைப் போற்றும் பண்பாட்டினர் வலிமையோடு அமர்ந்திருந்ததால் பிறந்தது. கூடுதல் காப்பைப் பிற பொருள்களுக்கும் விரிக்க வேண்டும் என்று இந்தியாவும் வேறு பல நாடுகளும் அந்த அவையில் தொடர்ந்து வாதாடின.

இந்தியா 1999இல் தன் சட்டத்தை இயற்றி 2003இல் நடைமுறைப்படுத்தியது. முதலில் பதிவு பெற்றது டார்ஜிலிங் தேயிலை. 2019இல் மறையூர் வெல்லமும் அந்த வரிசையில் சேர்ந்தது. வேற்றிடத்து வெல்லத்தை மறையூர்ப் பெயரால் விற்பதைத் தடுக்கும் சட்டத் துணை நம் உழவர்க்குக் கிடைத்தது. பிரெஞ்சு உழவனின் மண் பற்று, பல ஆண்டுக்குப் பின் அஞ்சுநாட்டு உழவனுக்குக் கேடயமாயிற்று! பிறர் பண்பாட்டில் பிறந்த குறிக்கோள் எல்லாம் நமக்குப் பகை என்று எண்ணலாகாது என்பதற்கு இதுவே சான்று. கேடயம் கையில் வந்துவிட்டால் போதாது; அதை ஏந்தும் பயிற்சியும் வேண்டும். பதிவு பெற்ற பெயரை முறையாகப் பயன்படுத்துவதும், கலப்படம் செய்வோரை அடையாளங் காட்டுவதும், தரத்தைக் குன்றாமல் காப்பதும் நம் கடமை.

மலைமேல் ஒரு பாடம்

இனி, நம் குடும்பங்களின் கதையோடு கலந்த மூணாற்றுக்கு வருவோம். அஞ்சுநாட்டுக் கண்ணன் தேவரின் பெயரால் அம்மலை வழங்குகிறது என்பர். 1877இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாறு அரசரிடம் அந்நிலத்தைக் குத்தகையாகப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியது. கிளாஸ்கோ நகரத்து ஃபின்லே நிறுவனம் அதை நடத்தியது. கங்காணிகள் வழியே பாண்டிச் சீமையிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மலையேறின. துரை குறிக்கோளை வகுத்தார். கங்காணி அதைக் கூவினார். கொழுந்து பறிக்கும் பெண் அதை எடையில் நிறைவேற்றினாள். ஏன் இவ்வளவு என்று கேட்பதற்கு அந்த ஏணியில் படியே இல்லை.

காலம் மாறியது. 1976இல் டாட்டா ஃபின்லேயும், 1983இல் டாட்டா டீயும் அதன் வழிவந்தன. 2005இல் டாட்டா டீ நேரடித் தோட்டத் தொழிலிலிருந்து விலகி, சிறுபான்மைப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டது. கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி உருவாயிற்று. 12,000க்கும் மேற்பட்ட பணியாளர் அதில் பங்குதாரர் ஆயினர். உலகத் தேயிலைத் தொழிலிலேயே அரிய முயற்சி இது. தோட்டங்கள் மூடப்பட்டு மக்கள் தெருவில் நின்ற அக்காலத்தில், இம்மலையில் அடுப்புகள் தொடர்ந்து எரிந்தன என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆயினும் பத்தாண்டு கழிந்தபின், 2015 செப்டம்பரில், அம்மலையிலேயே ஒரு பேரெழுச்சி நிகழ்ந்தது. இலாபம் குறைந்தது என்று சொல்லிப் போனசு 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாற்றில் சாலையில் அமர்ந்தார்கள். கம்பெனியை மட்டுமன்று, தமக்காகப் பேசுவதாகச் சொன்ன தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் தள்ளியே வைத்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்பது அவ்வியக்கத்தின் பெயர். ஏறத்தாழ ஒன்பது நாள் கழித்து, போனசும் கருணைத் தொகையும் சேர்ந்து 20 விழுக்காடு தருவதாக உடன்பாடு ஏற்பட்டது. 232 ரூபாயாக இருந்த நாட்கூலி, அவர்கள் கேட்ட 500 ஆகவில்லை. அடுத்த மாதம் 301 ரூபாயாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவ்வியக்கத்தினர் சிலர் வெற்றியும் பெற்றனர்.

மேலிடத்துக் கட்டளையைக் கேள்வியின்றி ஏற்பவர் என்று 77 மதிப்பெண் பெற்ற நாட்டில்தான் இது நடந்தது! தலைமுறை தலைமுறையாகத் தலை குனிந்து கொழுந்து பறித்தவர்கள், கேள்வி கேட்கும் பண்பு இல்லாதவர்கள் அல்லர். கேள்வி கேட்க இடம் இல்லாதவர்கள். பணிவு என்று பிறர் எழுதி வைத்தது, பல வேளைகளில் வாய்ப்பின்மையே. மற்றொரு பாடமும் இதில் உண்டு. பங்குத் தாள் பெட்டியில் இருப்பது வேறு; குறிக்கோள் வகுக்கும் மேசையருகே நாற்காலி இருப்பது வேறு. முன்னது உடைமை; பின்னது உரிமை. இரண்டும் சேர்ந்தால்தான் 'நம் கம்பெனி' என்ற சொல் வாயளவில் நில்லாமல் நெஞ்சளவில் இறங்கும்.

மேசையைச் சுற்றி யார்?

மேசையைச் சுற்றி யார் அமர்கிறார் என்பதைப் பொறுத்தே குறிக்கோள் அமையும். 1919இல் தோன்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதை முதலிலேயே உணர்ந்தது. அதன் மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் அரசின் சார்பில் இருவர், முதலாளிகளின் சார்பில் ஒருவர், தொழிலாளரின் சார்பில் ஒருவர் என நால்வரை அனுப்புகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் அனுபவமும் அதுவே. 2000ஆம் ஆண்டின் அறிவிப்பை ஒட்டி வகுத்த எட்டுக் குறிக்கோள்களை எழுதியவர் சிலரே. ஏழை நாடுகள் தம் குரல் அதில் குறைவு என்று முறையிட்டன. 2015இல் ஏற்ற 17 குறிக்கோள்களுக்கு முன், நாடுகளும் பொதுமக்கள் அமைப்புகளும் கலந்து நெடுநாள் பேசின. பட்டியல் நீண்டுவிட்டது என்று குறை சொன்னவர் உண்டு. ஆனால் அது பலருடைய பட்டியலாயிற்று. மலைநாடாகிய பூட்டான், நாட்டின் வளத்தைப் பணத்தால் மட்டும் அளக்கலாகாது, மக்களின் மகிழ்ச்சியாலும் அளக்க வேண்டும் என்று சொல்லிவந்தது. 2011இல் ஐக்கிய நாடுகள் அவை அக்கருத்தை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. நாடு சிறிதாயினும் அதன் மதிப்பு சிறிதாக வேண்டுவதில்லை.

பண்பாடு என்ற பெயரால் எல்லாவற்றையும் போற்றிவிடவும் ஒண்ணாது. முறை என்றும் மரபு என்றும் சொல்லிப் பெண்ணின் குரலையும் எளியவரின் குரலையும் அமுக்குவது எந்நாட்டில் நடந்தாலும் அது பண்பாடாகாது. வெளியிலிருந்து வந்த குறிக்கோளை ஆராய்ந்து ஏற்கும் அதே கண்ணால், நம் மரபையும் ஆராய்ந்து ஏற்பதே அறிவுடைமை.

இளைஞர்களே! பன்னாட்டு நிறுவனத்தில் இலக்குத் தாள் உங்கள் கைக்கு வரும்போது மூன்று கேள்விகளை மனத்தில் எழுப்புங்கள். இதை வகுத்தவர் யார்? இவ்வளவு என்று வைத்ததற்குக் காரணம் என்ன? எட்டினால் பயன் யாருக்கு, எட்டாவிட்டால் இழப்பு யாருக்கு? பணிவோடு கேளுங்கள், தெளிவோடு கேளுங்கள். காரணம் கேட்பது அடக்கமின்மை ஆகாது. காரணம் அறிந்து செய்யும் வேலையே நன்கு அமையும் என்பதை அறிஞர்களின் ஆராய்ச்சியே நிலைநாட்டியிருக்கிறது. நாளை நீங்களே பிறருக்கு இலக்கு வகுக்கும் இருக்கையில் அமரும்போது, அவர்கள் கேட்பதற்கு முன்பே காரணம் சொல்லுங்கள். மலைச்சரிவில் காரணம் சொல்லப்படாமல் கூடை சுமந்த பாட்டிமாருக்கு நீங்கள் செய்யும் கைம்மாறு அதுவே.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, தேவிகுளம் வட்டம் கேரளத்தில் அமைந்தது; இங்கே நாம் மொழிச் சிறுபான்மையர். நம் பிள்ளைகளின் தமிழும், அவர்களின் படிப்பும், அண்டை மக்களோடு நாம் வாழும் நல்லுறவும் நம் கையில் உள்ள குறிக்கோள்கள். அடுத்த ஆண்டுக்குரிய திட்டத்தை எழுதுவதற்கு முன், காலனியின் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்று கேட்போம்: "சங்கம் எதைச் செய்ய வேண்டும்?" என்று. ஆலையில் வெல்லம் உருட்டும் அம்மாவையும், விடுப்பில் ஊர் வந்த மாணவியையும், தோட்டத்தில் ஓய்வு பெற்று வந்த முதியவரையும் கேட்போம். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஒத்திவைத்தோம், ஏன் என்பதை எழுதி எல்லோரும் காண ஒட்டிவைப்போம். உலக அமைப்புகள் நெடுங்காலம் முயன்று கற்ற பாடத்தை நம் சிறிய சங்கம் ஓராண்டில் செய்து காட்டலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!